கானா ஊர்க் கல்யாணத்தில் பெண்ணைக் காணோம்

முப்பத்தைந்து வயதுவரை இசோலினாவின் உலகம் ஒரு கடை ஜன்னலின் அகலம்தான். ஃபுளோரன்ஸில், ஆர்னோ ஆற்றுக்குத் தெற்கே, சான் ஃப்ரெதியானோ பேட்டையில் ஒரு துணிக்கடை. அதன் முகப்புக் கண்ணாடிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெண்களின் நைலான் காலுறைகளில் இழை விட்டுப்போன இடங்களைச் சரிசெய்து கொடுப்பாள். காலுறையை ஒரு கிண்ணத்தின் வாயில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய கொக்கி ஊசியால் நழுவிய கண்ணிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டே வருவாள். வேலை முடிந்தபின் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று காலுறைக்குச் சொந்தக்காரியே தேட வேண்டியிருக்கும்.

தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அப்படி நின்றவர்களில் ஒருவன் துயிலியோ, பஸ் ஓட்டுநர். மூன்று வாரம் வெளியே நின்று பார்த்தான். நான்காவது வாரம் உள்ளே வந்து, "என் காலுறையும் கிழிஞ்சிருக்கு. ஆனா அது கம்பளி. நாத்தம் வேற அடிக்கும். பரவாயில்லையா?" என்றான்.

"வீட்டுல தோச்சு எடுத்துட்டு வா, பாக்கலாம்" என்றாள் இசோலினா. அடுத்த ஈஸ்டருக்குப் பிறகு இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

1966 நவம்பரில் ஆறு ஊருக்குள் வந்தது. கடை, கண்ணாடி, நாற்காலி எல்லாம் சேற்றுக்கும் எரியெண்ணெய்க்கும் அடியில் போயின. மூன்று நாள் கழித்து இசோலினா தன் பூதக்கண்ணாடியையும் ஊசிப் பெட்டியையும் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தாள். அடுத்த வீட்டு நெவியா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நெவியா கோட்டு தைப்பவள், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். "மியூசியத்துல நனைஞ்ச துணியெல்லாம் மலையா குவிஞ்சு கிடக்காம். ஊசி பிடிக்கத் தெரிஞ்ச கை வேணுமாம். வீட்டுல உக்காந்து சேத்தைப் பாத்து அழறதுக்கு அங்க போய் அழலாம் வா."

அங்கே அழ நேரம் இருக்கவில்லை. பெரிய கூடம் முழுக்கப் பாதிரிமார்களின் பழைய பட்டு அங்கிகள், பலிபீடத் துணிகள், சித்திரத் திரைகள். மேற்பார்வை பார்த்த டாக்டர் ஒலிம்பியா கெட்டிக்காரி, கறார்ப் பேர்வழி. அவள் இசோலினாவின் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தாள். இசோலினா ஒரு பட்டு அங்கியின் கிழிந்த விளிம்பைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஞோரா, நீங்க எங்க படிச்சீங்க?"

"கடை ஜன்னல்லதான், டாக்டரம்மா."

"நாளைக்கும் வாங்க" என்றாள் ஒலிம்பியா. அந்த 'நாளைக்கு' இருபத்தைந்து வருஷம் நீண்டது.

அந்த இருபத்தைந்து வருஷத்தின் நடுவில்தான் கானா ஊர்க் கல்யாணம் வந்து சேர்ந்தது.

மோந்தெரால்தோ என்ற மலையூரின் பேராலயத்துக்காக, நானூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு பிஷப் ஃபிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளிகளிடம் சொல்லி நெய்வித்த சித்திரத் திரை அது. ஏசுநாதர் ஒரு கல்யாண வீட்டில் தண்ணீரைத் திராட்சை ரசமாக்குகிற காட்சி. உயரம் ஐந்து மீட்டர், நீளம் எட்டு மீட்டர். கம்பளியும் பட்டும் வெள்ளிச் சரிகையும். இடப்பக்கம் ஏசுநாதரும் மாதாவும், முன்னால் ஆறு தண்ணீர்ச் சாடிகள், நீளமான மேசை, மேசைக்குப் பின்னால் முத்துக் கழுத்துப்பட்டி அணிந்த மாப்பிள்ளை. அவனுக்குப் பக்கத்தில் பெண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புதர். அடர்ந்த பச்சை இலைகள், நடுவில் ஒரு பறவை.

இந்தப் புதரைப் பற்றிப் பேராசிரியர் வெத்தோரி முப்பது பக்கம் எழுதியிருந்தார். மணப்பெண் திருச்சபையே, அவளை மனிதக் கண்ணால் காண முடியாது, அதனால்தான் ஓவியன் அவளை இலைகளுக்குப் பின்னால் மறைத்தான் என்பது அவர் கட்சி. எல்லாப் புத்தகங்களும் அதையே திருப்பிச் சொல்லின.

நெவியா அதைக் கேட்டுவிட்டு, "கல்யாணத்துக்குப் பொண்ணு வரலைன்னா அது தத்துவமாம்! எங்க தெருவுல அதுக்குப் பேரே வேற" என்றாள்.

முதலில் திரையைக் குளிப்பாட்டினார்கள். அதற்கென்றே செய்த தட்டையான பெரிய தொட்டி. குறுக்கே பலகைப் பாலம். அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஏழு பெண்கள் கடற்பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். காப்பிக் கஷாயம் மாதிரி தண்ணீர் வடிந்தது. மெழுகுவர்த்திப் புகை, கரி, நானூறு வருஷத் தூசி. எட்டாவது தண்ணீரில் மாதாவின் நீலம் மேலே வந்தது.

காய்ந்தபின் திரையைக் குப்புறப் புரட்டிப் பின்துணியைப் பிரித்தார்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது எப்போதுமே ஒரு திருநாள்தான். முன்பக்கம் வெயில் தின்றுவிட்ட நிறமெல்லாம் பின்பக்கம் அப்படியே இருக்கும். அன்றும் இருந்தது. கூடவே, அங்கங்கே இற்றுப்போன இடங்களுக்கு முட்டுக்கொடுக்க யாரோ ஒரு தையற்காரன் பழைய திரைத் துண்டுகளை ஒட்டுப் போட்டிருந்தான். மொத்தம் பத்து. ஒன்று உள்ளங்கை அகலம், ஒன்று முழங்கை நீளம்.

"வேற ஏதோ பழந்திரையை வெட்டிப் போட்டிருக்கான்" என்றாள் ஒலிம்பியா. "பிரிச்சு, நம்பர் போட்டுப் பெட்டியில வச்சிடுங்க."

இசோலினா பிரித்தாள். நான்காவது துண்டைப் பிரித்து மேசையில் திருப்பி வைத்தவள் கையை எடுக்கவில்லை. அது ஒரு மெல்லிய முக்காட்டின் ஓரம். ஓரத்தில் முத்துக்கள். ஒவ்வொரு முத்துக்கும் வெள்ளைப் பட்டில் ஒரு புள்ளி, அதன் கீழே சாம்பல் நிறத்தில் பிறை மாதிரி ஒரு கோடு. மாப்பிள்ளையின் கழுத்துப்பட்டியில் இருந்த அதே முத்து.

அவள் துண்டை விரலால் தடவினாள். குறுக்கே ஓரிடத்தில் விரல் தட்டியது. சோளக்கதிர் நார் அளவுகூட இல்லாத ஒரு மேடு. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவு நூல் ஓரிடத்தில் ஒற்றையாக இல்லாமல் இரட்டையாக ஓடியது. பாவு கட்டிய காலத்தில் எந்த ஃபிளாண்டர்ஸ்காரனோ அசந்த நேரத்தில் இரண்டு நூலைச் சேர்த்துக் கட்டிவிட்டிருக்கிறான்.

இந்தத் திரைகளைப் படுக்கவாட்டில் நெய்வார்கள். சுவரில் தொங்கும்போது பாவு நூல் இடமிருந்து வலமாக, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடும். இசோலினா எழுந்துபோய்ப் பெரிய திரையின் இடது ஓரத்தில் கையை வைத்தாள். மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளையின் தோள் உயரத்தில் விரல் தட்டியது. இரட்டை நூல். அதைப் பிடித்துக்கொண்டே வலப்பக்கம் நடந்தாள். புதர் தொடங்கும் இடத்தில் அது நின்றது. புதருக்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில், மீண்டும் தொடங்கியது.

"நெவியா, இங்க வாடி."

"என்ன, எலி கடிச்சிருக்கா?"

"இல்ல. பொண்ணு கிடைச்சிருக்கா."

விஷயம் குழுவுக்குப் போனது. பழுதுபார்ப்பதில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவுசெய்ய ஐந்து பேர் கொண்ட குழு. தலைவர் பேராசிரியர் வெத்தோரி. உயரமான மனிதர், அழகான கோட்டு, கைக்குட்டைகூட மடிப்புக் கலையாது. கெட்டவர் இல்லை. ஆனால் முப்பது பக்கம் எழுதியவர்.

"சிஞோரா, முத்து எல்லாத் திரையிலயும் வரும்" என்றார் பொறுமையாக. "அதே நெசவுக்கூடத்துல நெய்த வேறொரு திரையோட துண்டா இருக்கலாம்ல?"

"இருக்கலாம், புரொபசர். ஒரு உதவி பண்ணுங்க. கண்ணை மூடிக்கிட்டு வலது கையைக் குடுங்க."

அறையில் யாரோ சிரித்தார்கள். ஒலிம்பியா சிரிக்கவில்லை. பேராசிரியர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கண்ணை மூடினார். இசோலினா அவருடைய நடுவிரலைப் பிடித்து மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்புறம் வைத்தாள்.

"என்ன தெரியுது?"

"ஒரு கோடு... புடைப்பா இருக்கு."

"அதைப் பிடிச்சுக்கிட்டே போங்க."

அவர் விரல் நகர்ந்தது. நின்றது. "காணோம்."

"புதர் வந்திடுச்சு. இப்போ இந்தப் பக்கம்." அவள் அவர் கையைத் தூக்கி வலப்பக்கம் வைத்தாள்.

"மறுபடியும் இருக்கு."

"இப்போ இது." அவர் விரல் அந்தச் சிறு துண்டின் மேல் இறங்கியது. மெல்ல நகர்ந்தது. முழுத் துண்டையும் கடந்து, அதன் வெட்டுப்பட்ட ஓரம்வரை போய் நின்றது. அவர் கண்ணைத் திறக்காமலேயே இருந்தார். அவருக்கு அப்போது எழுபது வயது. வாழ்நாளெல்லாம் திரைகளைப் பார்த்தவர், ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

"ஒரே நெசவாளி ரெண்டு திரையில, ஒரே உயரத்துல, ஒரே தப்பைப் பண்ணமாட்டான், புரொபசர்" என்றாள் இசோலினா.

"மாட்டான்" என்றார் வெத்தோரி.

பத்துத் துண்டையும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்பது பொருந்தின; ஒன்று வேறு ஏதோ திரையின் துண்டு. தோள், நீலப் பட்டுச் சட்டையின் மார்பு, முக்காட்டின் இரு ஓரங்கள், மேசைமேல் வைத்த இடது கை. மோந்தெரால்தோவின் பழைய பதிவுகளைக் கிளறியபோது காரணமும் வெளிவந்தது. இருநூறு வருஷத்துக்கு முன் திரை தொங்கிய சுவரில் புதிதாக ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். கதவுக்கு இடைஞ்சலாக இருந்த பகுதியைக் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். பின்னொரு நாள் கதவை அடைத்தபோது ஓட்டைக்கு ஒரு புதர்த் திரையை வெட்டி வைத்துவிட்டார்கள். அதற்கும் தத்துவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆனால் முகம் இல்லை.

"கழுத்துக்கு மேல ஒண்ணும் இல்லாத ஒரு பெண்ணை ஏசுநாதருக்கு எதிர்ல உக்கார வைக்க முடியாது" என்றார் பேராசிரியர். குழுவும் அதையே எழுதியது: துண்டுகள் பெட்டியில் இருக்கட்டும், புதர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதுவும் இப்போது வரலாறுதான்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் இசோலினாவுக்குக் கோபம் அதிகமாக வந்தது. மறுநாள் மதியம் மாட்டுக்குடல் ரொட்டி விற்கும் வண்டியருகே நின்று பச்சைச் சாறு வழிய வழியத் தின்றுகொண்டு, துயிலியோவிடம் பொரிந்து தள்ளினாள்.

"ஒம்பது துண்டை வச்சவன் பத்தாவதா முகத்தை மட்டும் ஏன்யா தூக்கிப் போடணும்?"

"அழகா இருந்திருக்கும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பான்."

"அவன் அழகு பாக்கற ஆள் இல்ல. அவன் போட்ட தையலைப் பாத்தா தெரியும். எங்க பாரம் விழுதோ அங்க தடிமனா ஒட்டுப் போட்டிருக்கான். பிழைக்கத் தெரிஞ்சவன், ஒரு சாண் துணியைக்கூட வீணாக்க மாட்டான்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்ன, எலும்பா?"

"பாரம் அதிகமா விழற இடம் எது?"

"என் வயிறு" என்றான் துயிலியோ. அவள் பாதி ரொட்டியை அவன் கையில் திணித்துவிட்டு ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

எட்டு மீட்டர் திரையின் முழுப் பாரமும் விழுவது மேல்விளிம்பில்தான். அங்கே சணல்பட்டி ஒன்று உறுதியாகத் தைக்கப்பட்டு, வளையங்கள் கோத்திருந்தன. பட்டி கெடாமல் இருந்ததால் அதை யாரும் பிரிக்கவில்லை. கெடாததைப் பிரிக்கக்கூடாது என்பது பட்டறையின் சட்டம்.

இசோலினா பட்டியைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து நடந்தாள். நெவியா பக்கத்தில் வளையங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். பதினான்காவது வளையத்தில் இசோலினா நின்றாள்.

"இங்க மட்டும் தடிமனா இருக்கு, டாக்டரம்மா. உள்ள மடிச்சு வச்சிருக்கான்."

ஒலிம்பியாவும் தொட்டுப் பார்த்தாள். "சிஞோரா, உள்ள வெறும் கம்பளி இருந்தா குழுவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இசோலினாவுக்குப் பைத்தியம்னு சொல்லுங்க."

"அது அவங்களுக்கே தெரியுமே" என்றாள் நெவியா.

ஒலிம்பியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மீண்டும் மாட்டிக்கொண்டாள். "ஒரு சாண். அதுக்கு மேல ஒரு தையல்கூடத் தொடக்கூடாது. பிரிக்கச் சொன்னது நான். அப்படியே எழுதிக்கங்க."

தையலைப் பிரிக்க ஒரு முழுக் காலைப் பொழுது ஆனது. உள்ளே நான்காக மடித்த ஒரு துண்டு, புழுதியே படாமல், சுருங்கி, அட்டை மாதிரி விறைத்திருந்தது. அதை அப்படியே திறந்தால் மடிப்பில் முறிந்துவிடும். ஈரக் காற்று ஊட்டும் பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் இசோலினா வீட்டில் சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். துயிலியோ அதில் தண்ணீரை ஊற்றிக் குடித்தான்.

மூன்றாம் நாள் ஒலிம்பியா ஒரு மடிப்பைத் திறந்தாள். நெற்றியும் செம்பட்டை முடியும். அடுத்த மடிப்பைத் திறந்தாள்.

"ஐயோ மாதாவே!" என்று நெவியா போட்ட கூச்சலில் அடுத்த அறையிலிருந்து காவலாளி ஓடிவந்துவிட்டான்.

பத்தொன்பது, இருபது வயதுப் பெண். மூக்கு கொஞ்சம் பெரிது. இருநூறு வருஷமாக வெயில் படாத நிறங்கள், கன்னத்தில் நெய்தவன் வைத்த சிவப்பு அப்படியே இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, ஏசுநாதரையும் பார்க்கவில்லை. கீழே, தண்ணீர்ச் சாடிகளைப் பார்த்தன. தண்ணீர் நிறம் மாறுவதை அந்த வீட்டில் முதலில் கண்டுகொண்டவள் அவள்தான். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போகிறாள்.

இசோலினா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். சிரிக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. நெவியா அவள் தலையைத் தன் பெரிய மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். "அழு, அழு. பொண்ணு வீட்டுக்காரங்க அழத்தான் செய்வாங்க."

பேராசிரியர் வெத்தோரி அன்று மாலையே மழையில் நனைந்துகொண்டு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் மேசைமேல் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது. நிமிர்ந்தபின் தொப்பியைக் கழற்றினார்.

"முப்பது பக்கம்" என்றார்.

பெண்ணின் கண்களைக் காட்டி அவரே தொடர்ந்தார். "அவ எங்க பாக்கறான்னு கவனிச்சீங்களா? இந்த ஒரு பார்வைக்கே அறுபது பக்கம் எழுதணும்." பிறகு இசோலினாவின் பக்கம் திரும்பி, தன் மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "சிஞோரா, முகத்தைத் துடைச்சுக்கங்க. நாளைக்குக் காலைல குழுவைக் கூட்டறேன். புதரை எடுத்திடலாம்."

புதரை அழிக்கவில்லை. அதைத் தனியாகச் சட்டமிட்டு, பக்கத்து அறையில் தன் பறவையோடு மரியாதையாக மாட்டினார்கள்.

பெண்ணைச் சேர்க்க இரண்டேகால் வருஷம் ஆனது. நிறம் தோய்த்த லினன் துணியைப் பின்னால் கொடுத்து, துண்டின் ஒவ்வொரு பாவு நூலையும் திரையின் அதே பாவு நூலுக்கு நேராக நிறுத்தி, மெல்லிய பட்டிழையால் குறுக்குத் தையல் போட்டுப் பிடித்தார்கள். ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவு முடிந்தால் அது நல்ல நாள். வலது கை கிடைக்கவே இல்லை. அந்த இடத்தில் புதிதாக எதையும் நெய்து ஏமாற்ற வேண்டாம் என்று வெறும் லினனை அப்படியே விட்டார்கள்.

கடைசியில் ஒரு சிக்கல். மற்ற எல்லாரும் வெளுத்துப்போயிருக்க, பெண்ணின் முகம் மட்டும் பளிச்சென்று துருத்திக்கொண்டு நின்றது. அதன்மேல் மெல்லிய வலை ஒன்றைப் போட்டு மங்கச் செய்யலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"கல்யாணப் பொண்ணு பளிச்சுன்னுதானே இருக்கணும்?" என்றாள் இசோலினா. குழு வலையை விட்டுவிட்டது. முகம் அப்படியே இருந்தது.

1983ஆம் வருஷம் மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை, திரையை மக்களுக்குத் திறந்தார்கள். மோந்தெரால்தோவிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்திறங்கினார்கள். ஒரு பஸ்ஸை ஓட்டிவந்தவன் துயிலியோ, அன்று அவனுக்கு விடுமுறையாக இருந்தும். சான் ஃப்ரெதியானோ பேட்டையே திரண்டு வந்திருந்தது. எல்லாரும் தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில். மேயர் பேசினார், பிஷப் பேசினார். பேராசிரியர் வெத்தோரி மட்டும் சுருக்கமாகப் பேசினார். "நான் இந்தத் திரையை நாற்பது வருஷம் பார்த்தேன். இதை முதலில் கண்டுபிடித்தவர் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்." சுவரில் பதித்த பலகையில் இசோலினாவின் பெயர் முதலில் இருந்தது. பதவி வரிசைப்படி பார்த்தால் அது கீழே வந்திருக்க வேண்டும். வெத்தோரிதான் மாற்றச் சொன்னாராம்.

திரையை மூடியிருந்த சீலையை விலக்கியபோது கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். "மூக்கைப் பாரு, எங்க பெரியம்மா வீட்டு மூக்கு!" என்றாள் மோந்தெரால்தோக்காரி ஒருத்தி. "மாப்பிள்ளைக்கு இவ கொஞ்சம் அதிகம்தான்" என்றான் ஒருவன்.

நெவியா ஒரு பெரிய பையைத் திறந்தாள். உள்ளே வெள்ளை வலைத்துணியில் ஐந்தைந்தாகக் கட்டிய சர்க்கரைப் பாதாம், கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பது. பட்டறைப் பெண்கள் ஏழு பேரும் சேர்ந்து கட்டியவை. ஆளுக்கொரு பொட்டலமாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

காவலாளி பதறினான். "சிஞோரா, கூடத்துக்குள்ள சாப்பிடக்கூடாது! விதி இருக்கு!"

"இருநூறு வருஷம் கழிச்சுப் பொண்ணு வந்திருக்கா. உன் விதி இருக்கட்டும், கையை நீட்டு."

அவன் இருபக்கமும் பார்த்தான். பிஷப் ஏற்கெனவே ஒன்றை வாயில் போட்டுக் கன்னத்தில் அடக்கியிருந்தார். காவலாளி கையை நீட்டினான்.

இசோலினா தன் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பாதாமைக் கடவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தாள். அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தாள்.